மக்கள் நாற்காலி

டென்மார்க் என்றதும் நம்மவர்களுக்குத் தரங்கம்பாடிக் கோட்டைதான் ஞாபகம் வரும். வரலாறு நடத்திய எனக்கும் பல வருடங்கள் அவ்வளவுதான். ஓய்வு பெற்றபின் அந்த நாட்டுச் சாப்பாட்டு மேசை நாற்காலிகளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். வீட்டில் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

முதலில் மரம். 1807-இல் ஆங்கிலேயர்கள் கோபன்ஹேகனைக் குண்டு வீசித் தாக்கி, டென்மார்க்கின் போர்க்கப்பல்களைக் கொண்டுபோய்விட்டார்கள். அடுத்த ஆண்டு தரங்கம்பாடியும் அவர்கள் கைக்குப் போய், 1815-இல்தான் திரும்பக் கிடைத்தது. புதிய கப்பல் கட்ட ஓக் மரம் வேண்டுமே என்று அரசாங்கம் கன்றுகளை நட்டது. கப்பலுக்கு ஏற்றபடி ஓக் முதிர ஏறக்குறைய 200 ஆண்டு. அதற்குள் கப்பல்கள் இரும்புக்கு மாறிவிட்டன! நாற்காலிகள் அந்த மரங்களிலிருந்துதான் வந்தன என்று சொல்லவில்லை. ஓக் அவர்களுக்கு எவ்வளவு சொந்தமான மரம் என்று காட்டவே இதைச் சொன்னேன்.

இனி நாற்காலி. கோரே கிளிந்த் என்பவர் 1924 முதல் கோபன்ஹேகன் கலைக் கழகத்தில் மேசை நாற்காலி வடிவமைப்பு கற்பித்தார். மனித உடம்பை அளந்து, அதற்குப் பிறகே பென்சிலை எடு என்பது அவருடைய முறை. பழைய நாற்காலிகளையும் மாணவர்கள் அளந்து வரைய வேண்டும். புதுமை என்ற பெயரில் முன்னோர் கண்டுபிடித்ததை மறுபடி கண்டுபிடிக்க வேண்டாம் என்ற எண்ணம். ஆசிரியர் என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர்.

அவரிடம் படித்தவர் போர்கே மொகென்சன். அடிப்படையில் தச்சுத்தொழில் கற்றவர். 1942 என்றால் நம் மாணவர்கள் ‘வெள்ளையனே வெளியேறு’ என்பார்கள். அதே ஆண்டு டென்மார்க் ஹிட்லர் படையின் பிடியில் இருந்தது. அந்த நெருக்கடியிலும், எஃப்.டி.பி. என்ற நுகர்வோர் கூட்டுறவு ஒன்றியம், 28 வயது மொகென்சனைத் தன் மேசை நாற்காலிப் பிரிவின் வடிவமைப்புக்குத் தலைவராக்கியது. கூட்டுறவுப் பண்டகசாலை என்றால் நமக்கு மண்ணெண்ணெய், சர்க்கரை. அங்கே நல்ல நாற்காலியும் சாதாரணக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்க வேண்டும் என்று முடிவெடுத்தார்கள்.

1947-இல் அவர் வடிவமைத்தது ஜே39. அமெரிக்காவில் ஷேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் செய்துவந்த எளிய நாற்காலிகளின் சாயல் அதில் உண்டு. கடைசல் பிடித்த நான்கு கால்கள், முதுகைத் தாங்கச் சற்றே வளைந்த அகலமான ஒற்றைப் பலகை, பின்னல் இருக்கை. அவ்வளவுதான். செதுக்கு வேலை கிடையாது, மெத்தை கிடையாது. ஓக்கிலும் பீச் மரத்திலும் செய்தார்கள். பின்னல் எதனால் தெரியுமா? காகிதத்தால்! போர்க்காலத்தில் வெளிநாட்டு நார் வராமல் போனதால், காகிதத்தை இறுக்கமாக முறுக்கிக் கயிறாக்கினார்கள். தட்டுப்பாட்டுக்குப் பிறந்த மாற்று, போர் முடிந்த பிறகும் நிலைத்துவிட்டது. அந்த நாற்காலிக்கு ‘மக்கள் நாற்காலி’ என்றே பெயர்.

மொகென்சனின் நண்பர் ஹான்ஸ் வெக்னர். இருவரும் பிறந்தது 1914. வெக்னர் செருப்புத் தைப்பவரின் மகன். அவருடைய ஒய் வடிவ முதுகு கொண்ட நாற்காலியின் இருக்கைக்கு மட்டும் சுமார் 120 மீட்டர் காகிதக் கயிறு போகிறது. 1960-இல் கென்னடியும் நிக்சனும் தொலைக்காட்சியில் விவாதித்தபோது அங்கே இருந்ததும் வெக்னரின் இன்னொரு நாற்காலிதான். உலகப் புகழ் அவருக்குத்தான் அதிகம். அழகில் நானும் வெக்னருக்கே மதிப்பெண் போடுவேன். ஆனால் கடினமான கேள்வித்தாளை எழுதியவர் மொகென்சன் என்பது என் கட்சி. விலையைக் குறைத்துக்கொண்டு நல்ல பொருள் செய்வது எவ்வளவு சிரமம் என்று எந்தத் தச்சரைக் கேட்டாலும் சொல்வார்.

அவர் நாற்காலியோடு நிற்கவில்லை. கிரெத்த மேயர் என்ற பெண் கட்டடக் கலைஞரோடு சேர்ந்து, ஒரு வீட்டில் என்னென்ன சாமான் இருக்கும், அவற்றின் அளவு என்ன என்று கணக்கெடுத்து அலமாரிகளை வடிவமைத்தார். குருவின் பாடம் அப்படியே தெரிகிறது.

ஜே39-ஐ இன்றும் செய்கிறார்கள். புதிதாக ஒன்று வாங்கப் பல நூறு யூரோ ஆகும். பழைய ஓக் நாற்காலிகளைச் சேகரிப்பவர்கள் போட்டி போட்டு வாங்குகிறார்கள். கூட்டுறவு உறுப்பினரின் சமையலறைக்கென்று செய்த பொருள் இப்படிப் பணக்காரர் கூடத்துக்குப் போவது எனக்கு உவப்பாக இல்லை. ஆனால் அந்த ஊர் வீடுகளில் பாட்டி காலத்து நாற்காலியை இன்னும் சாப்பாட்டுக்கு இழுத்துப் போட்டு உட்காருபவர்களும் உண்டு. மரத்துக்குப் பளபள வார்னிஷ் கிடையாது. சோப்புச் சீவலைத் தண்ணீரில் கரைத்துத் துடைப்பார்கள். காகிதப் பின்னல் தேய்ந்துபோனால் அதை மட்டும் அவிழ்த்துவிட்டு, அதே கால்களில் புதிதாகப் பின்னிக்கொள்கிறார்கள்.