விழித்திரையில் ஒரு செம்புள்ளி: நீரிழிவுக் கண்நோயைப் படத்தால் அறிந்த வரலாறு

நீரிழிவு, வன்னிப் பேச்சில் சொல்வதானால் சீனி வருத்தம், கண்ணின் பின்சுவரிலுள்ள விழித்திரையைத் தாக்கத் தொடங்கிய பின்னரும் பல ஆண்டுகளுக்குப் பார்வையில் எக்குறையும் தோன்றாதிருக்கக்கூடும் என்பதால், நோயாளி கூறும் முறைப்பாட்டைக் கொண்டல்லாமல், விழித்திரையிற் காணப்படும் அடையாளங்களைக் கொண்டே அந்நோயை அறியவேண்டியுள்ளது. படத்தில் இனங்கண்டு, பெயரிட்டு, அளக்கத்தக்க இவ்வடையாளங்கள் இங்கு படக்கூறுகள் எனப்படுகின்றன. கணினி நோயைக் கண்டுபிடிக்கிறது என்று இன்று பேசப்படுவதன் பெரும்பகுதி, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக மனிதர் இப்படக்கூறுகளுக்குப் பெயரிட்டும், அவற்றை எண்ணியும், அவைபற்றித் தம்முள் முரண்பட்டும் சேர்த்துவைத்த அறிவே என்பதும், அச்சேமிப்பில் மதுரைக்குக் கணிசமான பங்குண்டு என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

உயிருள்ள மனிதரின் விழித்திரையைப் பார்ப்பதற்கான கருவியை ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851இல் அறிவித்தார். நான்கு ஆண்டுகளுக்குள், 1855இல், வியன்னாவில் எடுவார்ட் யேகர் நீரிழிவாளர் ஒருவரின் விழித்திரையில் மஞ்சட் படிவுகளையும் குருதிக்கசிவுகளையும் கண்டு விவரித்தார். ஆயினும் அவற்றுக்கு நீரிழிவுதான் காரணம் என்பதற்குச் சான்றில்லை என அக்காலத்தின் பெருங்கண்மருத்துவரான ஃபொன் கிறேஃபே மறுத்தார். 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவ மிஷனரி சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மானிப்பாயில் மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, உடலுறுப்புகளுக்கும் நோய்களுக்கும் தமிழ்ச் சொல் தேடிக்கொண்டிருந்ததும் ஏறத்தாழ இதே காலம்தான். பெயரிடப்படாத அடையாளத்தை இருவர் கண்டாலும் அவர்கள் ஒன்றையே கண்டார்கள் என்று நிறுவமுடியாது என்பதை வியன்னாவும் மானிப்பாயும் தத்தம் வழியில் உணர்ந்திருந்தன எனலாம். மனித விழித்திரையின் முதல் ஒளிப்படத்தை 1886இல் ஜாக்மனும் வெப்ஸ்டரும் எடுத்தபோது இரண்டரை நிமிட வெளிச்சம் வேண்டியிருந்தது. 1926இல் சைஸ் நிறுவனத்தின் கமரா வந்த பின்னரே படமெடுத்தல் அன்றாட வேலையாகும் நிலை பிறந்தது.

பெயரிட்ட பின் எண்ணல் தொடங்கியது. மயிர்க்குழாயின் சுவர் தளர்ந்து புடைப்பதால் உண்டாகும் நுண்குமிழே நீரிழிவுக் கண்நோயின் முதல் அடையாளம். படத்தில் அது விளிம்பு தெளிந்த செம்புள்ளியாகத் தெரியும். மில்லிமீற்றரின் அரைக்காற் பங்குக்கு, அதாவது 125 மைக்ரோனுக்கு, மேற்பட்டிருந்தால் பெரும்பாலும் அதைக் குருதிக்கசிவாகவே கொள்வர். லேசர்ச் சிகிச்சை கடும் பார்வையிழப்பைப் பாதியளவுக்கேனும் குறைக்கிறது என்று 1976இல் ஐக்கிய அமெரிக்கப் பெருஞ்சோதனையொன்று காட்டிய பின், யாருக்கு எப்போது அதைச் செய்வது என்பது படத்தைத் தரம்பிரிப்பதில் தங்கியது. 1968இல் எயார்லி மாளிகைக் கூட்டத்தில் வகுக்கப்பட்ட பாகுபாடு விரிவாக்கப்பட்டு, 3,711 நோயாளிகள் பங்குகொண்ட அடுத்த சோதனையில் ஒவ்வொரு கண்ணுக்கும் ஏழு இடங்களிற் படமெடுத்துத் தரமிடும் நிலைக்கு வளர்ந்தது. இதை நாளாந்த வைத்தியத்துக்கு ஏற்பச் சுருக்கி 2003இல் வெளியான ஐந்துபடி அளவுகோலில், விழித்திரையை நான்கு காற்பகுதிகளாகப் பிரித்து, நான்கிலும் இருபதுக்கு மேற்பட்ட கசிவுகள், அல்லது இரண்டில் மணிமாலைபோல் இடையிடையே தடித்த நாளங்கள், அல்லது ஒன்றில் ஒழுங்கற்ற நுண்நாளங்கள் காணப்படின் நோய் கடுமையானது எனும் விதி அமைந்தது. விதி எளியதே, ஆனால் புள்ளியா தூசியா என்று தீர்மானிப்பது எளிதன்று.

அத்தீர்மானத்தைக் கணினியிடம் கொடுக்கும் முயற்சி 1984இல் பிரான்சில் போதுவான், லே, கிளைன் ஆகியோரின் ஆய்வில் தெளிவான வடிவம் பெற்றது. கைநாளத்தில் ஒளிர்சாயம் ஏற்றி எடுக்கப்படும் படத்தில் குருதிக்குழாய்களும் நுண்குமிழ்களும் ஒருங்கே வெண்மையாய் ஒளிர்வதால், இரண்டையும் வேறுபடுத்துவதே சிக்கல். ஒரு கோலை எடுத்து நிலமெங்கும் எல்லாத் திசைகளிலும் கிடத்திப் பார்த்தால், வாய்க்காலில் ஏதேனும் ஒரு திசையில் அது அடங்கும்; சிறு குழியிலோ எத்திசையிலும் அடங்காது. இதையே கணினி செய்தது: குறித்த நீளமுள்ள கோடு எத்திசையிலும் பொருந்தாத வெண்மையையெல்லாம் அழித்து, எஞ்சியதை மூலப்படத்திலிருந்து கழித்தபோது குழாய்கள் மறைந்து புள்ளிகள் மட்டும் மிஞ்சின. இம்முறையில் படக்கூறு இன்னதென்று மனிதரே முன்கூட்டி வரையறுத்தனர். கணினி தவறினால் ஏன் தவறியது என்பதையும் சுட்டிக்காட்ட முடிந்தது. பிற்கால முறைகளிற் பலவற்றுக்கு இல்லாத இந்நன்மை அதற்குரிய மதிப்பைப் பெறவில்லை.

அமெரிக்கச் சோதனையின் முடிவு வெளியான அதே 1976இல், மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 கட்டில்களுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கண்புரையே அதன் முதல் இலக்காக இருந்தபோதிலும், கிராமத்திலேயே நோயாளியைச் சோதித்து, வைத்தியரைத் தொலைவிலிருந்து பார்க்கச்செய்யும் முறை பின்னர் நீரிழிவுக் கண்நோய்க்கும் பயன்பட்டது. இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில், பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வுக்குழுவின் துணையோடு, தேனிப் பகுதியின் கிராமப் பார்வை மையங்கள் நெடுந்தூர வைஃபை இணைப்பால் மருத்துவமனையோடு பிணைக்கப்பட்டன. மையத்தில் இருப்பவர் கண் வைத்தியர் அல்லர்; அரவிந்திலேயே பயிற்சி பெற்ற, பெரும்பாலும் கிராமத்துப் பெண்களான பணியாளர்களே. படங்கள் குவிந்தமைக்கு அவர்களது உழைப்பும் காரணம் என்பது கணினி பற்றிய ஆரவாரத்தில் எளிதில் மறக்கப்படுகிறது.

2016இன் இறுதியில் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை 1,28,175 விழித்திரைப் படங்களை அடிப்படையாகக் கொண்டது. அவை ஐக்கிய அமெரிக்காவிலிருந்தும், அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா, பெங்களூர் நாராயண நேத்ராலயா ஆகியவற்றிலிருந்தும் வந்தவை. ஒவ்வொரு படத்துக்கும் 54 கண் வைத்தியர்களுள் மூவர் முதல் எழுவர் வரை தரமிட்டனர். நுண்குமிழ் என்றோ கசிவு என்றோ கணினிக்கு எதுவும் கற்பிக்கப்படவில்லை. படமும் தரமும் மட்டுமே தரப்பட, எவற்றைக் கவனிப்பது என்பதைப் பல அடுக்குக் கணிப்புவலை தானே அமைத்துக்கொண்டது. 9,963 படங்கள்கொண்ட ஒரு பரிசோதனைத் தொகுதியில், நோயற்ற படத்தை நோயுள்ளதெனக் குறிப்பதைத் தவிர்க்கும் வகையில் அமைக்கப்பட்டபோது, நோயுள்ள படங்களில் 90.3 சதவீதத்தையும் நோயற்றவற்றில் 98.1 சதவீதத்தையும் அது சரியாகப் பிரித்தது.

இவ்வெற்றியைவிட 2018இல் அதே குழுவினரின் மற்றொரு ஆய்வு கூறியது முக்கியமானது. பெரும்பான்மை வாக்கால் பெற்ற தரத்தை, விழித்திரை நிபுணர் மூவர் கலந்துபேசி எட்டிய முடிவோடு ஒப்பிட்டபோது தோன்றிய வேறுபாடுகளில் 36 சதவீதம் நுண்குமிழைக் காணத் தவறியதாலும், 20 சதவீதம் படத்தின் போலித்தடங்களாலும், 16 சதவீதம் கசிவைத் தவறாக வகைப்படுத்தியதாலும் எழுந்தவை. யேகருக்கும் கிறேஃபேக்கும் இடையே ஒரு புள்ளியின் காரணத்தைப்பற்றி எழுந்த ஐயம், இப்போது புள்ளியே உண்டா இல்லையா என்பதாக மாறியதேயன்றி ஒழியவில்லை. தரமிடுபவர் தவறவிட்ட புள்ளியைத் தவறவிடவே கணினியும் கற்கும். அரவிந்திலும் சங்கர நேத்ராலயாவிலும் 3,049 நோயாளிகளிடம் நேரடியாக நடத்தி 2019இல் வெளியான ஆய்வில் நோயைக் காணுந்திறன் முறையே 88.9, 92.1 சதவீதமாக இருந்தது. இதற்கிடையே, விழித்திரைப் படத்திலிருந்து ஆணா பெண்ணா என்பதைக் கணினி கணித்துவிட, அதை எந்தப் படக்கூறைக் கொண்டு அறிந்தது என எந்தக் கண் வைத்தியராலும் சொல்ல இயலாத நிலையும் 2018இல் வந்தது.

கூகுளின் நோய்காணும் கணினிமுறை தாய்லாந்தின் 11 சிகிச்சை நிலையங்களுக்குச் சென்றபோது, முதல் ஆறு மாதங்களில் அனுப்பப்பட்ட 1,838 படங்களில் 21 சதவீதத்தைத் தரம் போதாதென்று கணினி ஏற்கவில்லை. அறையைப் போதிய அளவு இருட்டாக்க வசதியில்லாமையும், இணையத்தின் மந்தமும் அங்கு தடைகளாயின. இலங்கையின் மேல் மாகாணத்தில், கண் நிபுணரல்லாத வைத்தியர்களுக்குப் பயிற்சியளித்துக் கையடக்கக் கமராவின் படங்களைத் தரமிடச் செய்த ஆய்விலும், கண்மணியை மருந்திட்டு விரிக்காதபோது வாசிக்கமுடியாத படங்கள் மிகுந்தும், விரித்தபின் குறைந்தும் காணப்பட்டன. முதியோரின் கண்மணி சிறுத்திருப்பதும், கண்புரை ஒளியை மறைப்பதுமே இதன் முதன்மைக் காரணங்கள்.

கிளிநொச்சி நகருக்கு அண்மையில் வயல்கள் சூழ்ந்திருக்கும் உருத்திரபுரம் போன்ற ஊருக்குக் கண்மணியை விரிக்கவேண்டியிருப்பதன் பொருள் மிக நேரடியானது. துளிமருந்து இட்டால் கண்மணி விரிய இருபது நிமிடமளவு செல்லும். அதன்பின் நான்கைந்து மணிநேரத்துக்கு வெயில் கூசும், கிட்டப்பார்வை மங்கும். கிளினிக்குக்குத் தனியே சைக்கிளில் வரும் அறுபது வயது விவசாயி, உச்சிவெயிலில் அந்தக் கண்ணோடு வயல்வீதியால் திரும்பவேண்டியவர். அவருக்குத் துணையாக ஒருவர் வரவேண்டும். வருபவருக்கு அன்றைய கூலி போகும்.