இருமுனை மனநோயும் சிந்தனைத் திறனும்: பழவேற்காட்டு மீனவக் குடும்பங்களுக்கு ஒரு விளக்கம்

இருமுனை மனநோய் உடையவரிடம் அளவு மீறிய உற்சாகமும் பரபரப்பும் சில காலமும், ஆழ்ந்த மனச்சோர்வு சில காலமும் காணப்படும். சிகிச்சையால் இவ்விரண்டும் தணிந்த பின்னரும், சிலரிடம் கவனச் சிதறல், மறதி, திட்டமிட இயலாமை, சிந்தனை வேகக் குறைவு ஆகியவை எஞ்சியிருக்கலாம். இவையும் நோயின் பகுதியே ஆகும்.

அன்றாட வாழ்வில் எவ்வாறு வெளிப்படும்?

பழவேற்காடு ஏரியில் நிலவும் பாடு முறையையே எடுத்துக்கொள்வோம். மீன்பிடி இடங்கள் உரிமையுள்ளோருக்குச் சீட்டுக் குலுக்கி, முறை வைத்து வழங்கப்படுகின்றன. தமது முறை எந்நாள் என நினைவில் கொள்ளல், வலையைச் செப்பனிடல், உடன் வருவோருக்கு முன்கூட்டியே தெரிவித்தல், காற்று மாறினால் முடிவை மாற்றுதல் ஆகிய அனைத்துக்கும் நினைவாற்றலும் திட்டமிடலும் தேவை. உடல் வலுவுள்ள ஒருவர் தம் முறையைத் தவறவிடும்போது ஊரார் அவரைச் சோம்பேறி என்பர். வீட்டாரோ மாத்திரைதான் மூளையை மழுக்கியது எனக் கருதி, அதை நிறுத்திவிடுவதுண்டு. இதுவே பெருந்தீங்கு. லித்தியத்தைத் திடீரென நிறுத்தினால் நோய் திரும்பும் வாய்ப்பும் தற்கொலை அபாயமும் கூடும்.

மறதிக்குச் சரிசெய்யக்கூடிய காரணங்களும் உண்டு. எஞ்சிய மனச்சோர்வு, மதுப்பழக்கம், உறக்கக் குறைவு, லித்தியம் உட்கொள்வோருக்கு ஏற்படக்கூடிய தைராய்டு சுரப்புக் குறைவு, மருந்தின் அளவு ஆகியவற்றை மருத்துவர் ஆராய்வார். ஆதலால் மறதியை மருத்துவரிடம் மறைக்காமல் கூறுங்கள். இரவு முழுதும் கண்விழித்துத் தொழில் செய்வது மிகை உற்சாக நிலையைத் தூண்டக்கூடும். இயன்றவரை பகல் வேலைக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

லித்தியம் உட்கொள்வோர் கவனத்திற்கு

வெயிலில் வியர்வை மிகுதியாக வெளியேறினாலும், வாந்தி, வயிற்றுப்போக்கு ஏற்பட்டாலும் இரத்தத்தில் லித்தியத்தின் அளவு உயரும். படகில் செல்வோர் போதிய குடிநீர் எடுத்துச் செல்ல வேண்டும். உணவில் வழக்கமான உப்பைத் திடீரெனக் குறைக்கலாகாது. உடல்வலிக்காகக் கடையில் தாமாகவே வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுரூபன் மாத்திரைகளும் லித்தியத்தின் அளவை உயர்த்தக்கூடியவை. கை நடுக்கம் மிகுதல், நடை தள்ளாடல், பேச்சுக் குழறல், மனக்குழப்பம் ஆகியவை தென்பட்டால், அடுத்த வேளை மருந்தைக் கொடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். இதனை வெறும் மறதி எனக் காத்திருத்தல் ஆபத்து. லித்தியத்தின் அளவை அறியும் இரத்தப் பரிசோதனை, கடைசி வேளை மருந்துக்கு 12 மணி நேரம் கழித்துச் செய்யப்படும்.

குடும்பத்தார் செய்யத்தக்கவை

பாடு நாளை நாட்காட்டியில் பெரிதாகக் குறித்து, முதல்நாள் மாலை ஒருமுறை நினைவூட்டுங்கள். ஒரே நேரத்தில் பல வேலைகளைச் சொல்லாதீர்கள். கடன், வரவு விவரங்களைக் குறிப்பேட்டில் அவரே எழுதட்டும். எல்லா முடிவுகளையும் நீங்களே எடுத்துக்கொண்டால், எஞ்சியுள்ள திறனும் பயன்படாமல் போகும் என்பதைப் பலர் எண்ணுவதில்லை.

மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் வரும் நாளை அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் கேட்டறியலாம். டெலி-மானஸ் இலவச உதவி எண் 14416 இரவும் பகலும் செயல்படுகிறது, தமிழிலேயே பேசலாம். தற்கொலை எண்ணம் வெளிப்பட்டால் அவரைத் தனியே விடாமல் உடனிருந்து, 108 ஆம்புலன்சை அழையுங்கள்.