சுற்றிப் பார்!

குமாஸ்தாவாக இருந்த காலத்தில் எத்தனையோ பிரிவு உபசார விழாக்களுக்கு நாற்காலி போட்டிருக்கிறேன். சால்வை, மாலை, புகழுரை. மறுநாள் அதே நாற்காலியில் வேறொருவர். அரசு வேலை அப்படித்தான்.

வனத்துறைக்காரர் கதை வேறு. பொள்ளாச்சிக்கு மேலே டாப்சிலிப்பில் ஹ்யூகோ வுட் துரையின் கல்லறை இருக்கிறது. கப்பலுக்கும் ரயில் தண்டவாளக் கட்டைக்கும் தேக்கை வெட்டி ஆனைமலை மொட்டையாகிக்கொண்டிருந்த காலத்தில் அங்கே வன அதிகாரியாக வந்தவர். அடிக்கட்டையை விட்டு வெட்டினால் மரம் மறுபடி துளிர்க்கும் என்று முறையை மாற்றினார். சட்டைப்பை நிறையத் தேக்கு விதையோடு நடந்து, கைத்தடியால் குழி குத்தி ஊன்றுவாராம். 1933-இல் இறந்தவரை, அவர் விரும்பியபடி அந்தக் காட்டிலேயே அடக்கம் செய்தார்கள்.

கல்லறையில் இருப்பது லத்தீன் வாசகம். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் தலையில் ஏற்றிய லத்தீன் எனக்கு அங்கேதான் உதவியது. 'என் நினைவுச் சின்னத்தைத் தேடுகிறாயா? சுற்றிப் பார்' என்று பொருள். லண்டனில், தேவாலயம் கட்டிய கிறிஸ்டோபர் ரென் கல்லறையிலும் இதே வாசகம்தான். இங்கே சுற்றிலும் தேக்கு.

நம் சிறுமலை நிழலுக்குப் பின்னாலும் பெயர் தெரியாத வனக் காவலர்கள் உண்டு. அவர்களில் ஒருவர் ஓய்வு பெறும்போது சால்வை போடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. கூடவே, அவர் காத்த காட்டுக்குள் அவரோடு ஒரு நடை போய் வாருங்கள். எந்த மரத்தை எப்படிக் காப்பாற்றினார் என்று அவர் வாயாலேயே கேட்டுக்கொள்ளலாம்.