ஒத்துக்காரரின் மூச்சு

சேரன்மகாதேவியில் தென்காசி ரயில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் காருக்குறிச்சி. நாதஸ்வரக் கலைஞர் காருக்குறிச்சி அருணாசலத்தின் (1921–1964) ஊர். 1962-இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’யில் எஸ். ஜானகியின் குரலும் அவருடைய நாதஸ்வரமும் ஸ்வரத்துக்கு ஸ்வரம் போட்டி போடும். சின்ன வயசில் அந்தப் பாட்டைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரே சந்தேகம்: இந்த மனுஷன் எங்கேதான் மூச்சு விட்டார்?

பதினேழு வயதில் நானும் நாதஸ்வரம் கற்கப் போனேன். பத்து விநாடி தாண்டுவதற்குள் கண் இருட்டியது. நுரையீரலைப் பெரிதாக்கிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்து, தாமிரபரணியில் முங்கி ஒன்று, இரண்டு எண்ண ஆரம்பித்தேன். எண்ணிக்கை கூடியது. வாசிப்பு அப்படியே இருந்தது.

எங்கள் தெருவில் ஒரு தாத்தா இருந்தார். நாற்பது வருஷம் ஒத்து ஊதியவர். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். “ஏல, மூச்ச அடக்குதது வேற, ஊதுதது வேற. சேக்கது பெருசில்ல, செலவழிக்கத் தெரியணும்லா.”

அவர் சொன்னது உடற்கூறுப்படியும் சரிதான். வளர்ந்த ஆணின் நுரையீரல் சுமார் 6 லிட்டர் காற்று கொள்ளும். அதில் ஒரு லிட்டருக்கு மேல், எவ்வளவு ஊதினாலும் வெளியே வராது. பயிற்சியால் இந்த அளவு பெரிதாக மாறுவதில்லை. உதரவிதானம் இறங்கும் ஆழம், காற்றை இழுக்கும் வேகம், வயிற்றுத் தசையால் அதைச் சீராக விடும் கட்டுப்பாடு, இவைதான் மாறும்.

தாத்தா ஒரு பப்பாளி இலைக் காம்பை வெட்டி, சொம்புத் தண்ணீரில் விட்டு ஊதச் சொன்னார். குமிழி அறுபடக் கூடாது. கன்னத்தில் காற்றைத் தேக்கி, அதை மெல்லப் பிதுக்கி வெளியே விடும் அந்த ஒரு கணத்தில் மூக்கால் மூச்சை இழுத்துவிட வேண்டும். எனக்கு இது பிடிபட மூன்று மாதம் ஆனது. அவருக்கோ அதுதான் தொழில். ஒத்து பார்ப்பதற்கு நாதஸ்வரம் போலவே இருக்கும். ஆனால் அதில் ராகம் வராது. ஒரே சுருதிதான், கச்சேரி முடியும்வரை.

என் பழைய சந்தேகத்துக்கு விடையும் அங்கேதான் கிடைத்தது. கோயில் மேளத்தில் பெரும்பாலும் இரண்டு நாதஸ்வரம் இருக்கும். ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவர் பிடித்துக்கொள்வார். இருவருக்கும் அடியில் ஒத்து ஓடிக்கொண்டே இருக்கும். அருணாசலமும் தன் குரு திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்குப் பக்கத்தில் நின்று வாசித்து வளர்ந்தவர்தான். நாம் ஒரு மேதையின் நுரையீரல் என்று நினைத்து வியந்தது பல பேர் சேர்ந்து விட்ட மூச்சு.

ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) காலத்தில் திமிரி என்ற குட்டை நாதஸ்வரம் போய், பாரி என்ற நீண்ட நாதஸ்வரம் நிலைத்தது. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி அதைச் செதுக்கிச் சீர்செய்தார். சுருதி இறங்கியது, நாதம் கனிந்தது. வரலாறு இதை எழுதி வைத்திருக்கிறது. வித்வான் பெயர் இருக்கிறது, ஆசாரி பெயர் இருக்கிறது, தவில்காரர் பெயரும் இருக்கிறது. நான் படித்தவரையில் ஒத்துக்காரர் பெயர் வருவது அபூர்வம்.

பிறகு சுருதிப்பெட்டி வந்தது. தாத்தாவைக் கூப்பிடுவது குறைந்தது, அப்புறம் நின்றேபோனது. ஒருமுறை அம்மைநாதர் கோயிலில் அவரோடு நின்று மேளம் கேட்டேன். பெட்டி பிசகாமல் பாடிக்கொண்டிருந்தது. “நல்லாத்தாம்ல பிடிக்கு,” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “அதுக்குப் பசிக்காது பாத்துக்கோ,” என்றார்.

நான் வித்வான் ஆகவில்லை. இப்போதும் அந்தப் பாட்டு ஓடினால் நாதஸ்வரத்தை விட்டுவிட்டு அடியில் சுருதியைத்தான் தேடுகிறேன். கை தானாக மூக்குக்குப் போய், மூச்சு ஓடுகிறதா என்று பார்க்கிறது.