துப்பறியும் நாடகமும் ஒரு நகரின் வரலாறும்

துப்பறியும் கதை என்றவுடன் முகஞ்சுளிப்பது இலக்கிய அன்பர்களிடையே நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கம். அதற்கு நியாயம் இல்லாமலில்லை. 1887 இல் ஷெர்லக் ஹோம்ஸ் தோன்றிய நாள் முதலாக இத்தகைய கதைகளிற் பெரும்பாலானவை ஒரே தடத்திலேயே சென்றுள்ளன. ஒரு கொலை நிகழ்கிறது. கூரிய அறிவுடைய ஒருவர் கொலைஞனைக் கண்டுபிடிக்கிறார். குலைந்த ஒழுங்கு மீண்டும் நிலைபெறுகிறது. குற்றம் ஒரு தனிமனிதனின் கெட்ட மனத்திற் பிறந்தது, அவனை அகற்றியதும் சமுதாயம் தூய்மையடைந்துவிட்டது என்பதே அக்கதைகள் சொல்லாமற் சொல்லும் பாடம்.

அப்பாடத்தை மறுக்கும் ஒரு நாடகத்தைப் பற்றியே இங்குப் பேச விரும்புகிறோம். அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரைக் களமாகக் கொண்ட ‘த வயர்’ என்னும் தொலைக்காட்சித் தொடர் 2002 முதல் 2008 வரை ஐந்து பகுதிகளாக, 60 அங்கங்களில் ஒளிபரப்பானது. அந்நகரின் பெயரை நம்மவர் பலர் 2024 மார்ச்சிற் கேள்வியுற்றிருப்பர். கொழும்பு நோக்கிப் புறப்பட்ட ‘டாலி’ என்னும் கொள்கலன் கப்பல் அங்குள்ள பெரும் பாலத்தை மோதி வீழ்த்தியபோது, நள்ளிரவில் அதன்மேல் வீதி திருத்திக்கொண்டிருந்த தொழிலாளர் அறுவர் மாண்டனர். அறுவரும் பிழைப்புத் தேடி இலத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து வந்தவர்கள். அத்தகையோர் உழைத்து வாழும் துறைமுக நகரே இந்நாடகத்தின் களம்.

இதனை ஆக்கியோர் இருவரும் அந்நகரை நேரில் அறிந்தவர்கள். டேவிட் சைமன் அங்கே பத்தாண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகை நிருபராக இருந்தவர். எட் பேர்ன்ஸ் இருபது ஆண்டுகள் பொலிஸ் சேவையில் இருந்து, பின்னர் அரசாங்கப் பாடசாலையில் ஆசிரியராகப் பணியாற்றியவர். போதைப்பொருட் சந்தை, துறைமுகம், நகர அரசியல், பாடசாலை, பத்திரிகை என ஒவ்வொரு பகுதியும் ஒவ்வோர் அரங்கைத் திறந்து காட்டுகிறது.

நான்காம் பகுதியில் ஒரு மர்மம் வருகிறது. போதைப்பொருட் கூட்டமொன்றினால் கொல்லப்படுவோரின் உடல்கள் எங்கே மறைகின்றன என்பது எவருக்கும் புலப்படவில்லை. பாழடைந்த வீடொன்றின் வாயிலை அடைத்த பலகையில் ஆணி வேறுவிதமாக அடிக்கப்பட்டிருப்பதைக் கண்டு ஒரு பொலிஸ் உத்தியோகத்தர் உண்மையை உணர்கிறார். ஆளில்லா வீடுகளே சவக்குழிகளாகியிருந்தன. நெஞ்சை உலுக்கும் இக்காட்சியைக் கண்டபின், வரலாறு கற்றவர் உள்ளத்தில் வேறொரு கேள்வி எழுகிறது. கொன்றவன் யார் என்பது தெரிந்துவிட்டது. தெருத்தெருவாக இத்தனை வீடுகள் வெறுமையானது எவ்வாறு?

இதற்கு விடை காண ஒரு நூற்றாண்டு பின்னோக்கிச் செல்லவேண்டும். 1910 இல் இந்நகரசபை, வெள்ளையர் மிகுந்த தெருவிற் கறுப்பினத்தவரும், கறுப்பினத்தவர் மிகுந்த தெருவில் வெள்ளையரும் குடிபுகுவதைத் தடுத்துச் சட்டம் இயற்றியது. இத்தகைய சட்டங்கள் செல்லாவென 1917 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் பிரிவினை ஒழியவில்லை. 1930களில் வீட்டுக்கடன் வழங்குவதற்கென வரையப்பட்ட படங்களிற் கறுப்பினத்தவர் வாழும் பகுதிகள் சிவப்பு நிறத்தாற் குறிக்கப்பட்டன. அங்கே கடன் பெறுவது அரிதாயிற்று. நகரின் அருகே ஸ்பரோஸ் பொயின்றில் இருந்த உருக்காலை 1950களில் ஏறத்தாழ 30,000 பேருக்கு வேலை அளித்தது. படிப்படியாகத் தேய்ந்த அவ்வாலை 2012 இல் மூடப்பட்டது. 1950 இல் ஏறத்தாழ 950,000 ஆக இருந்த நகரின் குடித்தொகை 2000 இல் 651,000 ஆகக் குறைந்தது. வேலை போயிற்று, வசதி படைத்தோர் புறநகருக்குப் போயினர், வீடுகள் வெறுமையாயின. அவ்வெறுமையிலே போதைப்பொருட் சந்தை வேரூன்றியது. 1971 இல் ஜனாதிபதி நிக்சன் போதைப்பழக்கத்தை நாட்டின் முதலாம் எதிரியென அறிவித்தார். 2002 அளவில் அமெரிக்கச் சிறைகளில் இருபது இலட்சத்துக்கு மேற்பட்டோர் அடைபட்டிருந்தனர். சந்தையோ மூடப்படவில்லை.

ஆசிரியர்களாகிய நம்மை மிகவும் வருத்தும் பகுதியும் இந்நான்காம் பகுதியே. பொலிஸ் வேலையை விட்டுக் கணித ஆசிரியராகும் ஒருவர், பரீட்சையிற் புள்ளிகளை உயர்த்துவதற்காகப் பாடத்தைக் கைவிடும்படி பணிக்கப்படுகிறார். குற்ற எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டப் பொலிசார் செய்த அதே மோசடி இங்கும் நடப்பதை அவர் உணர்கிறார். கணக்கேடு திருந்துகிறது, பிள்ளை திருந்தவில்லை. அவர் வகுப்பிலும் அயலிலும் உள்ள நான்கு சிறுவர்களும் அறிவில் குறைந்தவர்களல்லர். அவர்களில் ஒருவனுக்கே நல்ல வீடு வாய்க்கிறது. ஏனையோரைத் தெரு விழுங்குகிறது. பின்வரிசை மாணவனை ‘உதவாக்கரை’ என்று எத்தனை முறை எழுதி முடித்திருக்கிறோம் என்பதை எண்ணும்போது நமக்கு நாணம் உண்டாகிறது.

நாடகத்திற் குறையும் உண்டு. நிறுவனங்கள் இங்கே பழைய கிரேக்க நாடகத்து விதியைப் போல மனிதரை நசுக்குகின்றன. மக்கள் ஒன்றுகூடி எதிர்த்து நிற்கும் காட்சி மிக அரிது. வாழ்க்கை அவ்வாறு முடங்கிவிடவில்லை. 2015 இல் ஃபிரெடி கிரே என்னும் 25 வயதுக் கறுப்பின இளைஞர் பொலிஸ் காவலிற் காயமுற்று இறந்தபோது, அந்நகர மக்கள் வீதியில் இறங்கினர். மறுவருடம் மத்திய அரசின் நீதித் திணைக்களம், நகரப் பொலிசார் மக்களின் அரசியலமைப்பு உரிமைகளைத் தொடர்ந்து மீறிவந்ததை அறிக்கையிற் பதிவுசெய்தது. நாடகம் காணத் தவறிய பாத்திரம் அம்மக்களே.

எனினும் இதனைப் பார்க்கவேண்டும், மாணவரோடு விவாதிக்கவேண்டும் என்பதே நம் கருத்து. கைதானவனின் படத்தை நாளேட்டிற் கண்டதும் திருப்தியடைந்துவிடும் மனத்தை இது அமைதியாக இருக்க விடுவதில்லை. அவன் எந்த வீதியில் வளர்ந்தான், அவ்வீதியில் முன்பு எந்த ஆலை இருந்தது, எந்த வகுப்பறையிலிருந்து அவன் வெளியேறினான் என்று கேட்கத் தூண்டுகிறது. அக்கடைசிக் கேள்விக்கு விடை சொல்லவேண்டியவர்களில் நாமும் அடங்குவோம்.