தொடர் பகா இணைப்பெண்கள்

தொடர் பகா இணைப்பெண்கள்: 2, 3, 5, 7, 11 எனச் செல்லும் பகா எண்களை, அவற்றின் வரிசைக்கிரமம் பிறழாமலும் இடையே வேறோர் இலக்கம் புகாமலும், ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி எழுதுவதால் உண்டாகும் 2, 23, 235, 2357, 235711 முதலிய எண்கள். இவற்றுள் தாமும் பகா எண்களாகவே நிற்பன மிகச் சிலவே.

புளோரெண்டின் ஸ்மரண்டாச்சே, பால் வெல்லின் ஆகிய இருவர் பெயராலும் இவற்றை வழங்குவது பிற்கால வழக்கு. இவற்றின் பூர்வ சரித்திரம் தசம பின்னங்களிலிருந்தே தொடங்குகிறது. 1933-இல் கேம்பிரிட்ஜில் மாணவராயிருந்த சாம்பர்னௌன், இயற்கை எண்களை ஒட்டி எழுதிய 0.123456789101112... என்னும் தசமத்தில் தனி இலக்கங்களும், இவ்விரண்டாகவும் மும்மூன்றாகவும் மேலும் பலவாகவும் சேர்ந்த இலக்கக் கோவைகளும், நெடுந்தூரம் நோக்குமிடத்துத் தத்தம் இனத்துள் சம அளவாகவே வருகின்றன என்று நிரூபித்து, பகா எண்களை மட்டும் கோத்த 0.235711131719... என்பதும் அவ்வியல்பினதே என அனுமானித்தார். அவ்வனுமானத்தை 1946-இல் கோப்லாந்து, ஏர்டோஷ் என்னும் கணிதர் இருவர் மெய்யென நிறுவினர். பகா எண்களின் நுட்பமான குணங்களுள் எதனையும் வேண்டாது, அவை போதிய நெருக்கமாக அமைந்துள்ளன என்னும் ஒன்றையே பற்றுக்கோடாகக் கொண்டு சென்றமையே அந்நிரூபணத்தின் அழகு.

இனி, இணைப்பெண் தானே பகா எண்ணாவது எப்போது என்னும் விஷயம். 235 என்பது 5-இல் முடிவதால் பார்த்த மாத்திரத்திலேயே கழிகிறது. 2357-ஐ 47 வரையுள்ள பகா எண்கள் யாவற்றாலும் வகுத்துப் பார்க்க, ஒவ்வொரு முறையும் மீதி எஞ்சுவதால், அது பகா எண்ணே. 235711-ஓ 7, 151, 223 என மூன்றாகப் பிரிந்துபோகிறது. அடுத்ததாகிய 23571113, தன் தலையிலேயே நிற்கும் 23-ஆல் மீதியின்றி வகுபடுகிறது. (அதன் இலக்கங்களைக் கூட்டினாலும் 23 வருவது வெறும் தற்செயலே, ஆயினும் கணக்குப் போடுபவன் ஒரு கணம் எழுதுகோலை நிறுத்தத்தான் செய்வான்.) 29 வரை ஒட்டினால் இலக்கக் கூட்டுத்தொகை 57 ஆகி, அவ்வெண் 3-க்கு இரையாகிறது.

2, 23, 2357 ஆகிய மூன்றுக்கும் பின் நான்காவதைக் காண்பதற்கு 719 வரையுள்ள 128 பகா எண்களையும் ஒட்டியாக வேண்டும். அது 355 இலக்கங்கள் உடையது. அதன் பின்னவை 1033, 2297, 3037 ஆகியவற்றில் முடிவன. எட்டாவதாக எரிக் வைஸ்டைன் 1998-இல் சுட்டியது 11927-இல் முடியும் 5719 இலக்க எண். இவை முடிவின்றித் தோன்றும் என்பதே நிகழ்தகவுக் கணக்கால் பெறப்படும் எதிர்பார்ப்பு, நிரூபணம் இல்லை. 2009 வரை நடந்த தேடலில் ஒன்பதாவது அகப்படவில்லை.