கல்கி வர இன்னும் எத்தனை வருஷம்?



கொலுவில் தசாவதார செட் வைக்கும் வீடுகளில், வெள்ளைக் குதிரைமேல் வாளோடு இருக்கும் கடைசி பொம்மையைப் பார்த்திருப்பீர்கள். அவர்தான் கல்கி. மற்ற ஒன்பது பேரும் வந்து போனவர்கள். இவர் இனிமேல்தான் வர வேண்டும். கலியுக முடிவில் பிறந்து தர்மத்தை நிலைநாட்டுவார் என்கிறது புராணம்.

எப்போது வருவார்? வட்டி போடுவது போலக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கலியுகம் மொத்தம் 4,32,000 வருஷம். அது தொடங்கியது கி.மு. 3102 என்பது பஞ்சாங்கக் கணக்கு. கழிந்தது 5,100 வருஷத்துக்குச் சற்று மேல். பாக்கி 4,26,000-க்கும் மேல்!

நம்பிக்கை என்னவோ மிகப் பழையது. திண்டிவனம் வழியாக நாம் போய்வரும் மாமல்லபுரத்தில், ஆதிவராகர் குகைக் கோயிலில் பல்லவர் காலக் கல்வெட்டு ஒன்று பத்து அவதாரங்களையும் வரிசையாகச் சொல்கிறது. ஒன்பதாவது புத்தர், பத்தாவது கல்கி.

ஆனால், கஷ்டப்படுகிறவன் யுகக் கணக்குப் பார்த்துக் காத்திருப்பானா? நம் விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களில் ஊர் எல்லையில் அய்யனார் குதிரைகள் நிற்கின்றன. அய்யனார் தினமும் இரவில் குதிரையேறி ஊரைக் காக்கிறார் என்பது மக்கள் நம்பிக்கை. யுக முடிவு வரை அவர் காத்திருப்பதில்லை.

குமரி மாவட்டம் சாமிதோப்பில் இன்னொரு வெள்ளைக் குதிரை உண்டு. அங்கே 1809-ல் பிறந்தவர் அய்யா வைகுண்டர். கலியை அழிக்க வந்த நாராயணராகவே அவரை அன்பர்கள் வணங்குகிறார்கள். ஆனால் அவர் வாள் எடுக்கவில்லை. ஒடுக்கப்பட்ட சாதியார் தலைப்பாகை கட்டக்கூடாது என்றிருந்த திருவிதாங்கூரில், தலைப்பாகை கட்டி வழிபடச் சொன்னார். எல்லாச் சாதியாரும் ஒரே கிணற்றில் நீர் எடுக்கச் செய்தார். அரசர் சிறையில் அடைத்தார். வெளியே வந்தும் மாறவில்லை. 1851-ல் மறைந்தார். இன்றும் திருவிழாவின் எட்டாம் நாளில், வெள்ளைக் குதிரை வாகனத்தில் அந்த முத்திரிக் கிணற்றருகே கலிவேட்டை நடக்கிறது.

கலி என்பது பொதுக் கிணற்றை மறுக்கும் மனசு என்று எனக்குப் படுகிறது. நம் குடியிருப்பில் வேலைக்கு வருபவருக்குத் தனி டம்ளர் வைக்கும் வீடு இருந்தால், அதை மாற்ற கல்கி வரும்வரை காத்திருக்க வேண்டாம். நாளைக் காலைக் காபியிலேயே மாற்றிவிடலாம்.